மத்தியான நேரத்து லோ வோல்டேஜ்

வாங்க சார், வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. தூக்கத்தைக் கெடுத்துட்டோமேன்னு நினைக்காதீங்க, நான் எழுந்திருக்கிற நேரம்தான்.

நீங்க யாருன்னு சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். கையில பை இருக்கு, பையில பழம் இல்லை. அப்ப சொந்தக்காரர் இல்லை. செருப்பை ஓரமாக் கழட்டி நேரா வெச்சீங்க. அப்ப எதையும் விற்க வந்தவரும் இல்லை. உள்ள வந்ததும் எங்க வீட்டைப் பார்க்காம, சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மாடியைத்தான் பார்த்தீங்க. பொண்ணைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. சரியா? மாப்பிள்ளைக்கு என்ன முறை வேணும்? சித்தப்பாவா? பார்த்தீங்களா. அரசு பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன் சார் நான். படிக்கட்டுல ஏறி நின்னு ஒரு பார்வை பார்த்தாப் போதும். எவன் டிக்கெட் எடுக்கலைன்னு முகமே சொல்லிடும். என் கண்ணுக்குத் தப்பினவன்னு ஒருத்தனும் கிடையாது.

வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா? ஹெல்மெட் போட்ட அம்மா ஒருத்தங்க, பச்சை சுடிதார், நீல ஸ்கூட்டரை நிறுத்தி வழி சொன்னாங்களா? யாரா இருக்கும்? ஐம்பது வயசுக்கு மேல இருக்கும்னா சொல்றீங்க? என் சம்சாரம் வயசு. அப்ப நம்ம தெரு இல்லை. நம்ம தெருவுல அந்த வயசுல யாரும் வண்டி ஓட்டறதில்லை. அடுத்த தெருவா இருக்கும்.

காபி தரலாம்னா வீட்டுல தையல் இல்லை. தையல்நாயகி, என் சம்சாரம். மத்தியானம் நான் கண்ணை மூடினதும் பிள்ளையார் கோயிலுக்குப் போவா. இப்ப வர்ற நேரம்தான். "மத்தியானத்துல நடை சாத்தியிருக்குமேடி"ன்னு ஒரு நாள் கேட்டேன். "வெளியில நின்னு கும்பிட்டா பிள்ளையாருக்குக் கேட்காதா?"ன்னா. பக்தி சார். வயசானா பக்தி கூடத்தான் செய்யும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பொண்ணு பேரு நிறைமதி. நாங்க மதின்னு கூப்பிடுவோம். இங்க வர்றதுக்கு முன்னாடி எதிர் வீட்டுல விசாரிச்சிருப்பீங்க. "தங்கமான பொண்ணு"ன்னு சொல்லியிருப்பாங்க. அவங்க எல்லாரையும் அப்படித்தான் சொல்வாங்க, எங்க தெரு நாயைக்கூட. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நான் சொல்ற ஒரு வார்த்தையில ஒரு பொண்ணோட கல்யாணம் நிக்குது. உள்ளதை உள்ளபடிதான் சொல்லணும். எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஒரு வருஷமா வழக்கு. அதை முழுசாக் கேளுங்க, அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

வழக்கு என்னன்னா, அந்தக் கரண்ட் வண்டி.

அவங்க மாடியில வாடகைக்கு இருக்காங்க. கீழ இருக்கிற வீட்டுக்காரர், வண்டிக்கெல்லாம் சார்ஜ் போடக்கூடாது, ஒயர் எரிஞ்சிடும்னு சொல்லிட்டார். பொண்ணு வண்டியை வாங்கி நிறுத்திட்டா, சார்ஜ் போட இடமில்லை. அவங்க அப்பா தனக்கோடி வந்து கேட்டிருந்தா அது மரியாதை. இவளே வந்து நிக்கிறா. "பெரியப்பா, உங்க வீட்டுப் பக்கவாட்டுச் சந்துல ஒரு பவர் பிளக் இருக்குல்ல, அதுல சார்ஜ் போட்டுக்கட்டுமா?"

"அது வாஷிங் மெஷினுக்குன்னு போட்டது"ன்னேன்.

"வாஷிங் மெஷின் ஒரே இடத்துலதானே பெரியப்பா நிக்குது. ஊருக்குப் போறது என் வண்டிதானே?"

பார்த்தீங்களா அந்த வாயை? வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இதை முதல் குறையா வெச்சுக்குங்க.

நான் யோசிச்சு சொல்றேன்னு சொல்லலாம்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள, தையல் உள்ள இருந்து, "போட்டுக்கோம்மா, இதுல கேட்க என்ன இருக்கு?"ன்னுட்டா. சரி, பொம்பளைங்க பேசி முடிச்சாச்சு. மறுநாளே அந்தப் பொண்ணு சின்னதா ஒரு மீட்டர் வாங்கிட்டு வந்து பிளக்குக்குப் பக்கத்துல மாட்டிட்டா. அவ எரிக்கிற கரண்ட் தனியாத் தெரியணுமாம். நான் கேட்கவே இல்லை சார். கேட்கிறதுக்கு முன்னாடியே கணக்கைத் தீர்க்கிறது பெரியவங்களுக்கு மரியாதையா? எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை பார்க்கிறா, தெரிஞ்சிருக்கும். விடியுமுன்னே போயிடுவா. மத்தியானம் வந்து சந்துல வண்டியை நிறுத்தி, ஒயரைச் சொருகி, சாவியைத் தையல் கையில குடுத்துட்டு மேல போய்ப் படுத்துடுவா. சாவியை எதுக்குக் குடுக்கணும்? கேட்டேன். மழை வந்தா வண்டியை நகர்த்தி வைக்கணுமாம். தையல் எங்க நகர்த்தப் போறா? சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை அவ.

மழைன்னதும் ஞாபகம் வருது. போன ஐப்பசியில நடந்தது. மூணு நாளா விடாத மழை, வீட்டுல அழுக்குத் துணி மலை மாதிரி. பிளக்கு ஒண்ணுதான். வண்டி ஒயரைப் பிடுங்கிட்டு வாஷிங் மெஷினைப் போட்டேன். என் வீட்டு பிளக்கு, என் துணி. திரும்பச் சொருகணும்னு எனக்கு யாரும் சொல்லலை. மறுநாள் விடியக்காலை அந்தப் பொண்ணு அவசரத்துல எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு பார்க்காம எடுத்துட்டுப் போயிட்டா. அது அவ தப்பு. பால்பண்ணை கிட்ட வண்டி நின்னு போச்சு. அங்கிருந்து மழையில தள்ளிக்கிட்டே வேலைக்குப் போய், வேலையை முடிச்சு, அங்கேயே கெஞ்சிக் கொஞ்சம் சார்ஜ் ஏத்தி வீட்டுக்கு வந்தா. தலையில இருந்து தண்ணி சொட்டுது. சண்டைக்குத்தான் வர்றான்னு நானும் பதிலைத் தயார் பண்ணி வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். கிட்ட வந்தா, முகத்தைத் துடைச்சா, என்ன கேட்டா தெரியுமா?

"துணியெல்லாம் காஞ்சுடுச்சா பெரியப்பா?"

மழைக்காலத்துல துணி எப்படி சார் காயும்? நாலு நாள் ஈரமாத் தொங்கிச்சு. அந்த அறிவு வேண்டாமா? "இன்னும் காயலைம்மா"ன்னேன். "பரவாயில்லை, நானும் இன்னும் காயலை"ன்னு சொல்லிட்டு மேல போயிட்டா. இதைப் போய்ப் பெரிசாக்கி, தையல் என்கிட்ட ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசலை. சாப்பாட்டைப் போட்டுட்டுச் சொன்னா: "இனிமே அந்த பிளக்குல நீங்க கை வைக்க வேண்டாம். வண்டிப் பொறுப்பு என்னுது." பிளக்குல ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிட்டா. அதோ, இங்கிருந்தே தெரியுது பாருங்க. ஒயர் சும்மா தொங்குது. வண்டியைக் காணோம். மதி மேல தூங்குறா. தனக்கோடி எடுத்துட்டுப் போயிருப்பார்.

இங்கதான் சார் விஷயமே ஆரம்பிக்குது. நான் சாப்பிட்டுப் படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சந்துப் பக்கம் போவேன். பழக்கம். டூட்டி போனாலும் செக்கிங் போகாது. வண்டியில ஒரு சின்னத் திரை இருக்கு, எத்தனை பங்கு சார்ஜ் இருக்குன்னு காட்டும். பாதிக்கு மேல இருக்கும். ஒயரும் சொருகியிருக்கும். தூங்கி எழுந்து வந்து பார்ப்பேன். பாதிக்குக் கீழே இருக்கும். ஒயர் சொருகினபடியே இருக்கு, சார்ஜ் குறையுது! இந்த அநியாயத்தை எங்கயாவது கேட்டிருக்கீங்களா?

ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை. நான் உட்கார்ந்து யோசிச்சேன். மத்தியானத்துல தெரு பூரா ஏ.சி. ஓடுது. லோ வோல்டேஜ். வீட்டு லைட்டே அழுது வடியும். அப்ப கம்பியில கரண்ட் போதலை. போதலைன்னா அது எங்க இருக்குன்னு தேடும்ல? வண்டி பேட்டரியில நிறைய இருக்கு. ஒயரும் சொருகியிருக்கு. உள்ள போன வழியாவே வெளியில இழுத்துக்குது. நம்ம வண்டி சார்ஜுல எதிர் வீட்டு ஏ.சி. ஓடுது சார்!

மதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா, சிரிக்கிற விஷயமா இது? அப்புறம் தையலைப் பார்த்தா. "ஆமா பெரியப்பா, எனக்கும் அதே சந்தேகம்தான். மத்தியானத்துல லோ வோல்டேஜ் ரொம்ப ஜாஸ்தி. அதுவும் செவ்வாய், வெள்ளியில கேட்கவே வேண்டாம்"ன்னா. "உங்களை மாதிரி யார் இவ்வளவு உன்னிப்பாப் பார்க்கிறாங்க?"ன்னு ஒரு வார்த்தையும் சொன்னா. அதை நான் மறைக்க மாட்டேன், அந்த விஷயத்துல பொண்ணுக்கு நியாய புத்தி இருக்கு. தையலுக்குத்தான் அன்னைக்குப் பார்த்துப் பொரை ஏறி ஒரே இருமல்.

கம்பத்துல வேலை பார்க்க வந்த லைன்மேன்கிட்டயும் சொன்னேன். அவன் கட்டிங் பிளேயரைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சான். சின்ன வயசு, அனுபவம் போதாது.

தையல் உடம்பு விஷயத்துலயும் அந்தப் பொண்ணோட தலையீடு உண்டு. இவளுக்குச் சர்க்கரை இருக்கு. எட்டு மாதிரி கோடு போட்டு அது மேல நடந்தா சர்க்கரை குறையும்னு எல்லாரும் நடக்கிறாங்களே, அதை மதிதான் சொல்லிக் குடுத்தா. தெருக்கோடி காலி மனையில கோலமாவுல பெரிசா ஒரு எட்டு. எவ்வளவு பெருசு! யானை நடக்கலாம். ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், கோடு பூரா வண்டிச் சக்கரத் தடம். "பெரியம்மா நடக்கிற கோட்டு மேலயா வண்டியை விடுவ?"ன்னு மதியைப் பிடிச்சு நல்லாத் திட்டினேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தப்புதான் பெரியப்பா"ன்னா. எதிர்த்துப் பேசலை. இதை நல்ல குணத்துல சேர்த்துக்குங்க.

அந்த நடையில இவ முட்டி பிடிச்சுக்கிச்சு. முட்டி வலிக்குப் புடவையை விட சுடிதார் நல்லதாம். மதி ரெண்டு தச்சுக் குடுத்தா. இந்த வயசுல சுடிதாரான்னு நான் கேட்டேன். "முட்டிக்கு வயசு தெரியுமா?"ன்னா தையல். முன்னெல்லாம் இப்படிப் பேச மாட்டா. யார்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சுன்னு நான் சொல்லணுமா? பூ வைக்கிறதையும் விட்டுட்டா, தலை வலிக்குதாம். நெத்தியில ஒரு வரி மாதிரி அழுந்தின தடம் வேற. பிள்ளையார் முன்னாடி நெத்தியை முட்டி முட்டிக் கும்பிடுவா போல.

ஆனா ஒண்ணு சொல்லணும். பிள்ளையார் கைவிடலை. பிள்ளையார் கோயிலுக்குப் போறவ காந்தி மார்க்கெட் கீரையோட வர்றா. அங்க ஏதுடி இதுன்னா, "வண்டியில வந்துச்சு"ங்கிறா. பொய் சொல்ல மாட்டா, அதுக்கு நான் ஜவாப்தாரி. திருவெறும்பூர்ல இருக்கிற அவ தங்கச்சியை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறதே பெரிய பாடு. இப்ப வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துட்டு, நான் எழுந்திருக்கிறதுக்குள்ள வந்துடறா. நான் ரிட்டையர் ஆனப்புறம் பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு ஓடுது சார். சொல்லிக்க வெட்கமாத்தான் இருக்கு.

அவ்வளவுதான். வாய் ஜாஸ்தி, பெரியவங்களைக் கேட்காம மீட்டர் மாட்டுவா, சார்ஜ் பார்க்காம வண்டி எடுப்பா, சிரிக்கக் கூடாத இடத்துல சிரிப்பா. இதுக்கு மேல ஒரு குறை சொல்லுங்கன்னா என்கிட்ட இல்லை. நானும் ஒரு வருஷமாத் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். இனிமே உங்க பாடு.

என்ன சொன்னீங்க? கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வண்டிப் பிரச்சினையே இருக்காதா? தஞ்சாவூர்ல மூணாவது மாடி ஃபிளாட்டா? கீழ வண்டி நிறுத்துற இடத்துல பிளக் கிடையாதா? பையன்கிட்ட கார் இருக்கு, அவனே கொண்டுபோய் விட்டு அவனே கூட்டிட்டு வந்துடுவான்... வண்டியை இங்கயே வித்துட்டு வந்துடலாம்னு பையனோட அம்மா, உங்க அண்ணி சொல்றாங்களா?

நல்ல விஷயம் சார். குடும்பம்னா அப்படித்தான் இருக்கணும். நான் அப்படித்தான் வெச்சிருந்தேன். என்கிட்ட ஒரு மொபெட் இருந்துச்சு. கண்ணுல ஆபரேஷன் ஆகுற வரைக்கும் ஓட்டினேன். தையல் எங்க போகணும்னாலும் நான்தான். கோயிலா, நான். ஆஸ்பத்திரியா, நான். தனியா ஒரு இடம் போக விட்டதில்லை. எனக்கு டூட்டி முடிய நேரமானா, பஸ் ஸ்டாப்புல பையோட நிப்பா. ஒரு தடவை அவ தங்கச்சி வளைகாப்பு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். அன்னைக்குன்னு பார்த்து லைன்ல டிக்கெட் இல்லாத ஒரு கேஸ், விட்டுட்டு வர முடியலை. நான் வந்தப்போ இருட்டிடுச்சு. வளையல் போட்டு, சாப்பிட்டு, எல்லாரும் போயாச்சு. தையல் அதே ஸ்டாப்புல அதே இடத்துல நிக்கிறா. அவ கண்ணு முன்னாடி திருவெறும்பூர் பஸ் எத்தனை போயிருக்கும்! ஒண்ணுலகூட ஏறலை. நான் வர்றேன்னு சொன்னேன்ல, அதனால. அப்படி ஒரு நம்பிக்கை சார் என் மேல. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அந்த...

இதோ வந்துட்டா. தையல், இவர் நம்ம மதியைப் பத்தி விசாரிக்க வந்திருக்கார். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. என்ன சார் எழுந்து நிக்கிறீங்க? ஏற்கெனவே பார்த்திருக்கீங்களா? எங்க? தெருமுனையிலயா? இருக்காது சார், கோயில் அந்தப் பக்கம் இல்லையே. சிரிக்காம சொல்லுங்க.

என்ன தையல்? எவ்வளவு நேரமா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தே? எல்லாம் கேட்டியா? சரி, கேட்டதும் நல்லதுதான், நான் மறைச்சு எதுவும் பேசலை. காபி போடு முதல்ல. என்ன? சாரை ஒண்ணு கேட்கணுமா? கேளு.

கீழ ஒரு பவர் பிளக் போட முடியுமான்னு கேட்கிறா சார். அதான் சொன்னாரே தையல், அங்க தேவையே இல்லை, பையன் காரு... சரி, சரி, நீயே பேசு.

சார், வருத்தப்படாதீங்க. புது மனுஷங்க முன்னாடி இவ இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் புதுசு. வண்டியை விக்கிறதா இருந்தா மதியைக் கேட்க வேண்டாமாங்கிறா. கேட்க வேண்டியதுதான். கொண்டுபோய் விடறேன்னு சொல்றவர் வர்ற வரைக்கும் பொண்ணு எங்க நிக்கும்னு கேட்கிறா.

எங்க நிக்கும்னா... வீட்டுல நிக்கும். இல்லைன்னா ஸ்டாப்புல.

என்ன தையல் அப்படிப் பார்க்கிறே? வளைகாப்பு அன்னைக்கா? நான்தான் வந்தேன்ல?

வந்தேன். நேரமாச்சு. ஆனா வந்தேன்.

பஸ் வந்துச்சு, ஆனா பையில டிக்கெட்டுக்குக் காசில்லையா? நீ சொல்லவே இல்லையே. நான் கேட்கலையா? நான் எப்படிக் கேட்பேன், நீ நம்பிக்கையா நின்னேன்னுல்ல நினைச்சேன்...

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன் சார்.

நீங்க உட்காருங்க. நான் சொல்றதைக் கேட்டுக்குங்க. ஆரம்பத்துலயே சொன்னேன், ஒரு பொண்ணோட விஷயம், உள்ளதை உள்ளபடிதான் சொல்லணும்னு. அந்த ஃபிளாட்டுல கீழ ஒரு பவர் பிளக் போடணும். சங்கத்துல பேசுவீங்களோ, தனி ஒயர் இழுப்பீங்களோ, அது உங்க பாடு. அந்த பிளக்குல வாஷிங் மெஷின் எதையும் மாட்டக் கூடாது. மதி வந்தா வண்டியோடதான் வருவா. பொண்ணோட அப்பா இதைச் சொல்ல மாட்டார், சாது. நான் சொல்றேன். இது இல்லைன்னா, நான் நல்லவிதமாச் சொன்னதை எல்லாம் திருப்பி எடுத்துக்கிறேன். எப்ப நல்லவிதமாச் சொன்னேன்னா கேட்கிறீங்க? இவ்வளவு நேரம் வேற என்ன சார் சொல்லிக்கிட்டிருந்தேன்?

பையன்கிட்டப் பேசறீங்களா? பேசுங்க. அண்ணியை விடுங்க, பையன் என்ன சொல்றான்னு முக்கியம். பிளக் போட்டதும் சொல்லுங்க. தையல் நேர்ல வந்து பார்ப்பாளாம். என்னடி இது, தஞ்சாவூருக்கு நீ எப்படிப் போவ?

பஸ்ஸுக்கு நேரமாச்சா சார்? இருங்க, தெருமுனையில ஆட்டோ பார்த்து விடறேன். வேண்டாமா? தையல் கொண்டுபோய் விடறாளா? வெயில்ல எதுக்கு ரெண்டு பேரும் நடந்து...

தையல், அது மதியோட ஹெல்மெட். எடுத்தா எடுத்த இடத்துல வை.

ஓ. வண்டி நம்ம வாசல்லதான் நிக்குதா? நீலம். தனக்கோடி கொண்டாந்து விட்டிருப்பார். தனக்கோடிக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சார். நீங்க சொல்ல வேண்டாம்.

சுடிதார் பச்சைதான். ஆமா.

பாருங்க, காலை ஊணி, கண்ணாடியைப் பார்த்து, ஒரே வளைவுல திருப்பிட்டா. எங்க தெரு குறுகல் சார், டெப்போ டிரைவரே ரெண்டு தடவை முன்னப்பின்ன எடுப்பான். எட்டுல பாதி மாதிரி அப்படியே...

அங்க மாடியைப் பாருங்க. தூங்குறான்னு சொன்னேனே, மதி. கைப்பிடிச் சுவருல சாஞ்சு நின்னு சிரிக்கிறா. சிரிக்கட்டும். சிரிக்க வேண்டிய இடம்தான்.

ஏறுங்க சார். பயப்படாதீங்க. பின்னாடி கம்பியை நல்லாப் பிடிச்சுக்குங்க. லைசென்ஸ் எல்லாம் இருக்கும், செக்கிங் இன்ஸ்பெக்டர் சம்சாரம், டிக்கெட் இல்லாம ஏற மாட்டா.

தையல், சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு பார்த்துக்கிட்டுப் போ. இது லோ வோல்டேஜ் நேரம்.